தார்த்தரைக்கு ஏற்ற சக்கரம்: ஸ்கேட் சக்கரத்தின் வரலாறும் தம்போய்த் தரையும்

ஸ்கேட் சக்கரம் கடந்த 250 ஆண்டுகளில் பலமுறை உருமாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை மாற்றியது அது ஓட வேண்டிய தரைதான். மேப்பிள் பலகைத் தளத்துக்கு மரச்சக்கரம் போதுமானதாக இருந்தது. பின்னர் ரிங்குகளுக்குக் களிமண் கலவைச் சக்கரம் வந்தது. தார் சாலையில் ஓட ஆசைப்பட்டவர்களுக்குப் பாலியூரித்தேன் கைகொடுத்தது. திறந்த வெளியில் ரோலர் ஹாக்கி ஆட எந்தச் சக்கரத்தை வாங்குவது என்ற இன்றைய கேள்விக்கும் விடை இந்த வரலாற்றுக்குள்ளேயே கிடைக்கிறது.

அந்தக் கேள்வி எழும் ஓர் இடம் தம்போய். மலேசியாவில், ஜொகூர் பாருவின் நகர மையத்துக்கு வடமேற்கே, ஸ்கூடாய் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அது. 1937இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான், இன்றைய பெர்மாய் மருத்துவமனை, நெடுங்காலம் அந்த ஊரின் அடையாளம். ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்களின் மிளகு, கம்பீர் தோட்டங்களாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது ரப்பர் பால்மரக் காடாக மாறியது. பிறகு தொழிற்பேட்டைகளும் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் வந்தன. 1990களின் நடுவில் அங்சானா பேரங்காடி எழுந்தது. 2017 நவம்பரில் பாரடைம் மால் திறந்தது. அந்த மாலுக்குள் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் உண்டு. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், குளிரூட்டிய கட்டடத்துக்குள் ஐஸ் மீது இரும்புத் தகட்டில் ஒருவர் சறுக்கலாம். கதவைத் தாண்டி வெளியே வந்தால் இருப்பது தார், சிமெண்டு, ஓடு ஆகியவைதான். அங்கே தகட்டுக்கு வேலையில்லை, சக்கரம் வேண்டும்.

ஐஸ் ஸ்கேட்டின் தகட்டுக்குப் பதிலாக வரிசையாகச் சக்கரம் பொருத்தலாம் என்ற எண்ணம் பழையது. பெல்ஜியத்தில் பிறந்து 1760இல் லண்டனுக்கு வந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற இசைக்கருவிக் கலைஞர், உலோகச் சக்கரம் பூட்டிய காலணியோடு ஒரு மாளிகை விருந்துக்குள் வயலின் வாசித்தபடி நுழைந்தார். நிறுத்தவும் முடியவில்லை, திருப்பவும் தெரியவில்லை. விலையுயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடியில் மோதி அதையும் உடைத்து வயலினையும் உடைத்தார். சில பத்தாண்டுகள் கழித்து அச்சேறிய கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அதில் வரும் குறை உண்மையானது. வழவழப்பான தரையில் கடினமான உலோகச் சக்கரத்துக்குப் பிடிப்பே கிடையாது. திறந்த வெளி ஹாக்கிக்காரர்கள் இன்றும் ஈரத்தரையில் அதே சிக்கலைத்தான் சந்திக்கிறார்கள்.

1819இல் பாரிஸில் பெட்டிப்லெட் என்பவர் சக்கர ஸ்கேட்டுக்கு முதல் காப்புரிமை பெற்றார். மரம், உலோகம், தந்தம் என எதிலும் செய்துகொள்ளக்கூடிய சக்கரங்கள் ஒரே வரிசையில் நின்றன. நேராக மட்டுமே போகும், திரும்புவது பெரும்பாடு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1823இல், லண்டன் பழ வியாபாரி ராபர்ட் ஜான் டயர்ஸ் ஐந்து சக்கர ஸ்கேட்டைப் பதிவு செய்தார். அதில் நடுச்சக்கரம் மற்றவற்றைவிடப் பெரியது. எந்த நேரத்திலும் இரண்டு மூன்று சக்கரங்களே தரையைத் தொடும் என்பதால் காலைத் திருப்ப முடிந்தது. இன்றைய ஹாக்கி ஸ்கேட்டர்களில் சிலர் நடுச்சக்கரங்களைச் சற்றுப் பெரிதாகப் போட்டுத் திருப்பத்தை எளிதாக்குகிறார்கள். அந்தப் பழ வியாபாரியின் உத்தி இருநூறு ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது.

ஒருவரிசைச் சக்கரத்தை நூறாண்டுகளுக்கு மேல் ஓரங்கட்டியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் லெனார்ட் பிளிம்ப்டன். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சக்கரங்கள் ஜோடி ஜோடியாக நின்றன. அச்சுக்கும் காலணிக்கும் நடுவில் ரப்பர் மெத்தை இருந்தது. உடலைச் சாய்த்தால் சக்கரம் தானே திரும்பியது. சக்கரங்கள் பாக்ஸ்வுட் மரத்தால் கடையப்பட்டவை. அவற்றுக்கேற்ற பலகைத் தளங்கள் நகரந்தோறும் எழுந்தன. 1870களில் இங்கிலாந்தில் இந்த மோகம் உச்சத்துக்குப் போனது. அங்கே பலகையோடு தார், சிமெண்டுத் தளங்களும் போடப்பட்டன. பிரிட்டிஷ் இந்தியாவின் மலை நகரங்களுக்கும் இது தொற்றியது. முசூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மரத்தள ரிங்க் வட இந்தியாவில் பெயர் பெற்றது.

மரச்சக்கரம் மரத்தளத்தில் அழகாக ஓடும். சிமெண்டில் அதன் விளிம்பு சிராய்த்து ஒரு பக்கம் தட்டையாகும். ஈரத்தில் ஊதி வெடிக்கும். குளிர்நாட்டின் மூடிய மண்டபத்துக்குப் பிறந்த பொருள் அது. இதனிடையே சக்கரத்தின் உள்ளே இன்னொரு மாற்றம் நடந்தது. 1870களில் பர்மிங்ஹாமின் வில்லியம் பிரௌனும் ஜோசப் ஹென்றி ஹியூஸும் உருளும் குண்டுகளை அச்சைச் சுற்றி அடுக்கும் முறையைப் பதிவு செய்தனர். 1884இல் அமெரிக்கரான லெவன்ட் ரிச்சர்ட்சன் ஸ்கேட் சக்கரத்துக்கு எஃகுக் குண்டு பேரிங்கைக் கொண்டுவந்தார். உராய்வு குறைந்தது, வேகம் கூடியது. அதே காலத்தில் கம்பும் பந்தும் வந்து சேர்ந்தன.

சக்கரக் காலோடு பந்தை அடிக்கும் ஆட்டம் முதலில் ரோலர் போலோ என்று அழைக்கப்பட்டது. 1882இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அதற்கென லீக் ஒன்று தொடங்கியது. ஐரோப்பாவில் அதே ஆட்டம் ரிங்க் ஹாக்கியாக வளர்ந்தது. 1924இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில் சர்வதேச ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு உருவானது. ரிங்க் ஹாக்கியின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1936இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்தது. போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் இதில் ஊறியவை. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது அர்ஜென்டினா ஸ்பெயினை வென்றது. இது முழுக்க நான்கு சக்கர ஜோடி ஸ்கேட்டின் உலகம். இந்தியாவில் 1955இல் அமைந்த ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பும் இந்த மரபில் தொடங்கி, பிறகு ஒருவரிசை ஸ்கேட் ஹாக்கியையும் சேர்த்துக்கொண்டது.

ரப்பர் இந்தக் கதையில் ஏன் முன்னால் வரவில்லை என்பது ஜொகூர்க்காரர்களுக்கு இயல்பாக எழக்கூடிய கேள்வி. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை வகுத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் பால்மரம் நடச்சொல்லிக் கிறுக்கன் என்று பெயர் வாங்கினார். மோட்டார் கார் வந்ததும் கிறுக்கு தெளிவாகிவிட்டது. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முழுமை பெற்றது. 1924இல் சிங்கப்பூரை இணைக்கும் பாலம் திறந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் விடியுமுன் உளியோடு நிரைக்குப் போய் மரம் சீவினார்கள். மங்கில் சேர்ந்த பாலும் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலும் உலகத்தின் டயர்களாயின.

அவ்வளவு ரப்பர் விளைந்தும் ஸ்கேட் சக்கரமாக அது வெற்றி பெறவில்லை. காரணம் பொருளின் குணத்திலேயே இருக்கிறது. காற்றடைத்த டயரில் பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் காற்று. ஸ்கேட் சக்கரமோ உள்ளங்கைக்குள் அடங்கும் திடமான வளையம். ஆட்டக்காரரின் முழு எடையும் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் அழுந்தும். மென்மையான ரப்பர் அந்த அழுத்தத்தில் நசுங்கும், நசுங்கி மீளும்போது தள்ளிய விசையின் ஒரு பகுதி சூடாகப் போய்விடும், கால் கனக்கும். கரி கலந்து கெட்டியாக்கினால் தரையெங்கும் கறுப்புக் கோடு விழும். அதனால் 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் குழந்தைகள் நடைபாதையில் எஃகுச் சக்கரத்தையும், ரிங்குகளில் களிமண் கலவை என்று பொதுவாகச் சொல்லப்பட்ட இறுகிய கூட்டுச் சக்கரத்தையுமே உருட்டினார்கள். எஃகுச் சக்கரம் காது கிழியச் சத்தமிடும். ஒரு சிறு கல் குறுக்கே வந்தாலும் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் பறப்பார். களிமண் கலவை சாலையில் சில மணி நேரத்திலேயே துகள் துகளாக உதிரத் தொடங்கும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து சக்கரத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு வேதிப்பொருள். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேனை உருவாக்கினர். போருக்குப் பிறகு அது நுரைமெத்தையாகவும் செருப்பு அடியாகவும் தொழிற்சாலை உருளையாகவும் பரவியது. 1970 வாக்கில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியாவில் ஒரு பிளாஸ்டிக் பட்டறைக்குப் போனார். வாடகை ஸ்கேட்டுகளுக்காக அங்கே வார்த்த பாலியூரித்தேன் சக்கரங்கள் கிடந்தன. ரிங்க் ஆட்டக்காரர்களுக்கு அவை பிடிக்கவில்லை. மெதுவாக ஓடுகின்றன என்று ஒதுக்கிவிட்டார்கள். நாஸ்வொர்த்தி அவற்றை ஸ்கேட்போர்டில் மாட்டிச் சாலையில் இறக்கினார். கல்லை விழுங்கிக்கொண்டு ஓடின, சத்தமில்லை, வளைவில் வழுக்கவில்லை. 1973 வாக்கில் கலிபோர்னியாவில் காடிலாக் என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கினார். பலகைத் தளத்தில் தோற்ற பொருள் சாலையில் ஜெயித்தது.

அதே சக்கரம் ஹாக்கிக்கு வந்த இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து ஐஸ் ஹாக்கி நடக்கும். கோடையில் பயிற்சிக்கு வழியில்லை. 1979, 1980 வாக்கில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற ஹாக்கி ஆடும் சகோதரர்கள் விளையாட்டுப் பொருள் கடையொன்றில் பழைய ஒருவரிசை ஸ்கேட் ஒன்றைக் கண்டார்கள். ஹாக்கிப் பூட்டின் தகட்டைக் கழற்றி, பாலியூரித்தேன் சக்கரங்களை வரிசையாகப் பூட்டினார்கள். சிகாகோ நிறுவனம் ஒன்றிடமிருந்த பழைய காப்புரிமையை ஸ்காட் ஓல்சன் விலைக்கு வாங்கினார். ரோலர்பிளேட் பிறந்தது. ஆக, ஒருவரிசை ஸ்கேட் ஹாக்கி பிறந்ததே கூரையில்லாத தார்த்தரையில்தான். இதை மறந்ததால்தான் பின்னால் வந்த குழப்பங்கள் பலவும்.

1990களின் தொடக்கத்தில் இந்த ஸ்கேட் உலகம் முழுக்கப் பரவியது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாடகைக் கடைகள் முளைத்தன. அமெரிக்காவில் 1993இல் தொழில்முறை ரோலர் ஹாக்கி லீக் ஒன்று தொடங்கி, 1998இல் மட்டும் ஆடாமல் விட்டு, 1999 வரை நீடித்தது. 1995இல் சிகாகோவில் ஒருவரிசை ஹாக்கியின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆனால் பெரிய ஆட்டங்கள் ஐஸ் அரங்குகளுக்குள் போய்விட்டன. கோடையில் ஐஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிளாஸ்டிக் ஓடுகளைப் பரப்பி ஆடினார்கள். பிளாஸ்டிக் தரை வழுக்கும். சாலையில் ஓடிய கெட்டிச் சக்கரம் அங்கே பிடிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் சக்கரத்தை மென்மையாக்கிக்கொண்டே போனார்கள். ஹாக்கிச் சக்கரம் என்றாலே உள்ளரங்கச் சக்கரம் என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. இன்று கடையில் ஹாக்கி என்று அச்சிட்ட பெட்டியை நம்பி வாங்குகிற தம்போய்ச் சிறுவனின் கையில் கிடைப்பது பெரும்பாலும் குளிரூட்டிய மண்டபத்துக்காக வார்த்த சக்கரம். தார்த்தரையில் அது சில வாரங்களில் தேய்ந்துவிடும்.

மென்மை, கடினம் என்பதை எண்ணாகச் சொல்லும் அளவு ஷோர் அளவு. ஆல்பர்ட் ஷோர் வடிவமைத்த கருவியில் ஒரு சிறு முனை பொருளுக்குள் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேட் சக்கரத்துக்கு அதன் ஏ அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். எண் கூடினால் கெட்டி. சக்கரத்தின் பக்கவாட்டில் 76 மி.மீ. 82ஏ என்பதுபோல அச்சிட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது கடினம். உள்ளரங்கப் பிளாஸ்டிக் ஓடுகளுக்கு 72ஏ முதல் 76ஏ வரை. இரண்டிலும் சமாளிக்கும் இடைநிலை 78ஏ, 80ஏ. தார், சிமெண்டு போன்ற வெளித்தரைக்கு 82ஏ முதல் 85ஏ வரை. இவை எழுதாத வழக்கங்கள்; ஒரு நிறுவனத்தின் 82ஏ இன்னொன்றின் 82ஏ போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆட்டக்காரரின் எடையும் கணக்கில் வரும். 85 கிலோ உள்ளவர் 78ஏ சக்கரத்தில் ஏறினால் அது அவர் காலுக்குக் கீழே இன்னும் மென்மையான சக்கரம்போல நடந்துகொள்ளும். 40 கிலோ சிறுமிக்கு 84ஏ வெறும் கல்.

தம்போய்த் தரைக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திவிட முடியாது. அறை வெப்பநிலையில் அளந்து சொன்ன எண்கள் அவை. இங்கே நண்பகலில் தார்த்தரை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாலியூரித்தேன் சூட்டில் இளகும் பொருள். அட்டையில் 80ஏ என்றிருப்பது அந்தத் தரையில் அதைவிட மென்மையாகிவிடும். இளகிய சக்கரத்தைச் சொரசொரப்பான தார் அரமாக நின்று தின்னும். தேய்ந்த சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது கண்கூடு. உள்விளிம்பு சாய்வாக இறங்கியிருக்கும். நடுவே கறுப்பு மணல் பதிந்திருக்கும். திடீர் நிறுத்தம் போட்ட இடங்களில் சிறு சிறு துண்டுகள் பிய்ந்து குழியாகியிருக்கும். பிய்வது மென்மையான சக்கரத்தின் நோய். சீராகத் தேய்வது சரியான சக்கரத்தின் இயல்பு. வெயில் நேரத்தில் தார் மீது ஆடுபவருக்கு 84ஏ நியாயமான தேர்வு. மாலை ஆறுக்கு மேல் ஆடுபவருக்கு 82ஏ போதும்.

ஃபுட்சால் தளத்தின் வழவழப்பான சிமெண்டு வேறு கதை. சாயம் பூசிய தளமாக இருந்தால் 84ஏ வழுக்கும். 78ஏ அல்லது 80ஏ பிடிக்கும். கடை வரிசைகளின் அஞ்சடி நடைபாதையில் பதித்த ஓடு எந்தச் சக்கரத்துக்கும் ஆகாது. மேலே தூசி படிந்திருந்தாலோ சாரல் அடித்திருந்தாலோ மெர்லினின் கண்ணாடிக் கதைதான். மழை நின்ற உடனே ஆடக்கூடாது என்பது ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. தெரிந்தும் மீறுகிற விதியும் அதுதான்.

விட்டத்துக்கு வருவோம். ஹாக்கிச் சக்கரம் பொதுவாக 72, 76, 80 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். சிறு சக்கரம் ஆட்டக்காரரைத் தரைக்கு அருகில் வைத்து வேகமாகத் திரும்ப விடும். பெரியது விரிசலையும் கல்லையும் எளிதில் தாண்டும். 1990களின் பிற்பகுதியில் மிஷன் என்ற ஸ்கேட் நிறுவனம் முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்ற அமைப்பைப் பரப்பியது. உடல் சற்று முன்சாய்ந்து ஐஸ் ஸ்கேட்டின் நிலைக்கு வரும். 2008இல் அந்த நிறுவனத்தை ஹாக்கிப் பொருள் நிறுவனமான பாவர் வாங்கியது. முன்னால் இரண்டு 76, பின்னால் இரண்டு 80 என்ற வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெளித்தரையில் ஆடுபவர் தன் சட்டத்தில் பொருந்தக்கூடிய பெரிய அளவைப் போடுவதே நல்லது. வேகப்பந்தய ஸ்கேட்டின் 110 மி.மீ. சக்கரத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவின் பெய்தைஹேயில் 1,000 மீட்டரில் உலகப் பட்டம் வென்றது அந்த வகைப் பெரிய சக்கரத்தில். நேர்ப்பாதை வேகத்துக்கு அது பொருந்தும். நான்கு எட்டில் நின்று திரும்ப வேண்டிய ஹாக்கியில் அது உயரமான தடுமாற்றம்.  

கடினத்தைப்போலவே இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. அதைப் பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. பாலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு. எஸ்டர் வகை சிராய்ப்பையும் கிழிசலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் நீர் அதன் பிணைப்புகளை வெட்டிவிடும். ஈதர் வகை நீரைத் தாங்கும். பந்துபோல எகிறும் துள்ளலும் அதற்கு அதிகம். மலேசியாவில் செருப்பு, ஷூ அலமாரியில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்து, எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்த அனுபவம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதே வேதிவினை ஸ்கேட் சக்கரத்திலும் நடக்கிறது. பழைய சக்கரம் மஞ்சளித்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக ஒட்டும். வளையத்தில் மயிரிழை விரிசல் ஓடும். இந்த நிலையில் தேய்மானம் பார்க்கத் தேவையில்லை, தூக்கி எறிந்துவிட வேண்டும். வேகத்தில் இருக்கும்போது வளையம் நடுத்தண்டிலிருந்து கழன்றுபோகக்கூடும். காரின் பின்பெட்டியில் ஸ்கேட்டைப் போட்டே வைத்திருப்பது இந்த வினைக்கு அடுப்பு மூட்டித் தருவதுதான். பழைய இருப்பை மலிவு விலைக்கு வாங்குவதும் இந்த ஊருக்கு ஒத்துவராது.

பேரிங்கைப் பற்றியும் ஓரிரு வரி. இன்றைய ஸ்கேட் பேரிங் 608 எண் கொண்டது: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. அதன் மேல் அச்சிடும் ஏபெக் எண் உற்பத்தித் துல்லியத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஏபெக் 9 என்று கேட்டு வாங்கி மழையில் நனைத்தால் இரண்டே வாரத்தில் துருப்பிடித்துக் கரகரக்கும். வெளித்தரைக்கு இருபுறமும் ரப்பர் மூடி உள்ள சாதாரணப் பேரிங்கே நெடுநாள் உழைக்கும்.

ஆட்டத்தின் இன்னொரு பாதியும் தரையால்தான் தீர்மானமாகிறது. உள்ளரங்கில் பக் என்ற தட்டு வழுக்கிச் செல்லும். தார்த்தரையில் அது புரண்டு புரண்டு நின்றுவிடும் என்பதால் வெளியே ஆடுபவர்கள் செம்மஞ்சள் பந்தை எடுத்துக்கொள்கிறார்கள். பந்து எங்கே வேண்டுமானாலும் துள்ளும். அதைத் துரத்தி அதிகம் ஓட வேண்டும், அதிகம் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் சக்கரத்தின் உள்விளிம்பிலிருந்து ஒரு படலத்தைச் சீவி எடுக்கும். ஆகவே வாரம் இரண்டு முறை ஆடுபவர் மாதம் ஒருமுறையாவது சக்கரங்களை இடம் மாற்ற வேண்டும். முதலாவதை மூன்றாவது இடத்துக்கும், இரண்டாவதை நான்காவது இடத்துக்கும் கொண்டுபோய், உள்பக்கம் தேய்ந்திருப்பது வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டால் ஒரு செட் சக்கரம் ஏறக்குறைய இரட்டிப்புக் காலம் வரும்.

தம்போயில் கூரையில்லாத தளத்தில் ஆடப்போகிறவர் கடையில் ஹாக்கி என்ற சொல்லைத் தேடாமல் வெளித்தரை என்ற குறிப்பையும் 82ஏ அல்லது 84ஏ என்ற எண்ணையும் தேடட்டும். விட்டம் 76 அல்லது 80 மி.மீ. போதும். புதிய இருப்பாக வாங்கி, ஆடி முடித்ததும் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைக்கட்டும். உள்ளரங்கத்துக்கான 74ஏ சக்கரம் ஏற்கெனவே கையில் இருந்தால், அதை அரங்கத்துக்குள் ஆடும் நாளுக்கென்று தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.